மருந்துச்சீட்டைத் திருப்பிக் கேட்கும் மருந்தாளுநர்

பெங்களூரு அல்சூரில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய தாயாருக்கு 68 வயது. இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கான மாத்திரைகளை இதய மருத்துவரும், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டருகே உள்ள வேறொரு மருத்துவரும் தருகிறார்கள். முழங்கால் வலிக்காகப் புதிதாகப் பார்த்த எலும்பு மருத்துவர் எட்டோரிகாக்சிப் எழுதிக் கொடுத்திருக்கிறார். வழக்கமாக வாங்கும் மருந்துக்கடையில் சீட்டை நீட்டியபோது அங்கிருந்த மருந்தாளுநர் மாத்திரையை எடுத்துத் தராமல், "அம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்திருப்பது அந்த டாக்டருக்குத் தெரியுமா? கேட்டுவிட்டு வாருங்கள், இல்லையென்றால் நானே பேசுகிறேன்" என்று சொல்லியிருக்கிறார். மருத்துவர் எழுதியதை மருந்துக்கடைக்காரர் இப்படி நிறுத்தி வைக்கலாமா, மருந்து எழுதும் விஷயத்தில் அவருக்கு உண்மையிலேயே ஏதேனும் பங்கு உண்டா என்பதுதான் கேள்வி. இந்த ஊரில் மருந்தாளுநர் படிப்பு மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நிறுத்தி வைக்கலாம் என்பது மட்டுமல்ல, இந்த மருந்தைப் பொறுத்தவரை நிறுத்திக் கேட்டதுதான் சரி. எட்டோரிகாக்சிப் என்பது காக்ஸ்-2 வகை வலிநிவாரணி, அதாவது வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் காக்ஸ்-2 என்ற நொதியைத் தடுப்பது. இதே வகையைச் சேர்ந்த ரோஃபிகாக்சிப் மாரடைப்பு அபாயத்தை அதிகரித்ததால் 2004 செப்டம்பரில் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு, இதய இரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் இந்த வகை மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது. அமெரிக்காவில் எட்டோரிகாக்சிப்புக்கு அனுமதியே கிடைக்கவில்லை. நம் ஊரிலோ அது சர்வசாதாரணமாக எழுதப்படுகிறது. இதயக் கோளாறு இல்லாத, சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிற ஒருவருக்குச் சில நாட்களுக்கு எழுதுவதில் பெரிய தவறும் இல்லை. இதில் இரண்டாவது சிக்கல் ஒன்றும் இருக்கக்கூடும். உங்கள் தாயார் இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடுவது டெல்மிசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை என்றால், அதோடு எட்டோரிகாக்சிப் போன்ற வலிநிவாரணியைச் சேர்த்தால் சிறுநீரகத்தின் மீது மூன்று பக்கத்திலிருந்தும் அழுத்தம் விழுகிறது: ஹைட்ரோகுளோரோதயசைடு உடலின் நீரைக் குறைக்கிறது, டெல்மிசார்ட்டன் சிறுநீரக வடிகட்டியின் வெளிவாசல் குழாயைத் தளர்த்துகிறது, வலிநிவாரணி உள்வாசல் குழாயைச் சுருக்குகிறது. வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து உடல் வறண்டிருக்கும் நேரத்தில் இந்த மூன்றும் சேர்ந்தால் சில நாட்களிலேயே இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறிவிடும்.

எலும்பு மருத்துவர் தவறு செய்துவிட்டார் என்று இதற்கு அர்த்தம் கொள்ள வேண்டாம். முழங்காலைப் பார்த்தவருக்கு முழங்காலுக்கு எது நல்லது என்பது தெரியும். நோயாளி சொல்லாவிட்டால் ஸ்டென்ட் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? இந்தியாவில் ஒரு மருத்துவமனையின் ஏடு இன்னொரு மருத்துவமனைக்குத் தானாகப் போய்ச் சேருவதில்லை. எல்லாம் கணினியில் இருக்கும் இங்கிலாந்திலேயே, ஒவ்வொருவரும் ஒரு பொது மருத்துவ நிலையத்தில் பதிந்திருக்கும் ஏற்பாடு இருந்தும், பிழைகள் நடக்கத்தான் செய்கின்றன. அங்கே பொது மருத்துவர்கள் எழுதிய 6,048 மருந்துகளைச் சரிபார்த்து 2012-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இருபதில் ஒன்று என்ற அளவில் எழுதியதிலோ தொடர்ந்து கண்காணித்ததிலோ பிழை இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை லேசானவை அல்லது நடுத்தரமானவை என்றாலும், ஏறத்தாழ 550 மருந்துகளுக்கு ஒன்று கடுமையான பிழையாக இருந்தது. அறிவுக் குறைவால் மட்டுமல்ல, அவசரத்தாலும் முழு விவரம் கண்முன் இல்லாததாலும் இப்படிப்பட்டவை நேர்கின்றன.

பெங்களூரில் அந்த முழு விவரம் தற்செயலாக ஒன்றுசேரும் இடம் மருந்துக்கடையின் மேசை. காலையில் ஜெயதேவா இதய மருத்துவமனையின் சீட்டு, மாலையில் தெருமுனை கிளினிக்கின் சீட்டு, அடுத்த வாரம் பல் மருத்துவரின் சீட்டு என்று மூவரின் எழுத்தும் ஒரே ஆளின் கையில் வந்து சேருகிறது. இதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. மருத்துவருக்குத் தாம் எழுதியது தெரியும். நோயாளி என்ன வாங்கினார், எதை விட்டுவிட்டார், எதைச் சீட்டே இல்லாமல் கேட்டு வாங்கினார் என்பது மருந்துக்கடைக்குத்தான் தெரியும். மருந்தாளுநரின் பங்கைப் பற்றிப் பேசுகிற பலர் முதலாவதை மட்டும் சொல்லிவிட்டு இந்த இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு சொன்னால் விளங்கும். இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் அல்லது ராமிப்ரில் தொடங்கியவர்களில் சிலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ வறட்டு இருமல் வரும். இருமலுக்காக இதய மருத்துவரிடம் யாரும் போவதில்லை. மருந்துக்கடைக்குப் போய் ஒரு சிரப் கேட்பார்கள், அது தீர்ந்ததும் இன்னொன்று கேட்பார்கள். பிறகு ஒரு கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக்கும் எழுதப்படும். மாதாமாதம் ராமிப்ரில் வாங்குகிறவரே மூன்றாவது இருமல் சிரப்பும் வாங்குகிறார் என்பதைக் கவனிக்கக்கூடிய ஒரே ஆள் கடையில் நிற்கும் மருந்தாளுநர்தான். அவர் சிரப்பை விற்காமல், மருத்துவரிடம் சொல்லி மாத்திரையை மாற்றிக் கேட்கச் சொன்னால், பெரும்பாலும் சில வாரங்களில் இருமல் போய்விடும். அம்லோடிபைனால் கணுக்கால் வீங்குவதும், அந்த வீக்கத்துக்கு இன்னொருவர் நீர் பிரியும் மாத்திரை எழுதுவதும் இதே கதைதான். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புதிய நோய் என்று எடுத்துக்கொண்டு அதற்கு மற்றொரு மருந்தை எழுதும் இந்தத் தொடரை, நடுவில் எங்காவது ஒருவர் அறுத்தால்தான் உண்டு. அதேபோல, வீசிங்குக்கான சால்பியூட்டமால் இன்ஹேலரை மாதத்துக்கு ஒன்று என்று தீர்த்துவிட்டு வந்து கேட்கிறவருக்கு ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்பது பொருள். தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலரை அவர் வாங்குவதே இல்லை என்பதும் அதே பில்களில் தெரியும்.

வேறு சில பிழைகள் சீட்டில் சரியாக எழுதப்பட்டிருந்தும் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் நடப்பவை. இவற்றில் நான் மாணவர்களிடம் முதலில் சொல்வது மெத்தோட்ரெக்சேட்டைப் பற்றி. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும் இந்த மருந்தை வாரத்தில் ஒரு நாள் மட்டும்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மஜ்ஜையில் இரத்த அணு உற்பத்தி நின்று, உயிரே போகலாம். இதனுடன் ஃபோலிக் அமிலமும் வேறு நாட்களில் தரப்படும். நம் கடைகளில் மெத்தோட்ரெக்சேட் ஃபோலிட்ராக்ஸ் என்ற பெயரிலும் ஃபோலிக் அமிலம் ஃபோல்வைட் என்ற பெயரிலும் கிடைக்கின்றன. இரண்டும் ஒரே சீட்டில், அடுத்தடுத்த வரிகளில், ஒரே எழுத்துகளில் தொடங்கும் பெயர்களுடன் இருக்கும்போது, கண் பார்வை மங்கிய ஒரு பாட்டி எதைத் தினமும், எதை வாரத்துக்கு ஒருமுறை என்று நினைவில் வைத்துக்கொள்வார்? "வாரத்துக்கு ஒருமுறை" என்று சொல்லிவிடுவது போதாது. "ஞாயிற்றுக்கிழமை மட்டும்" என்று கிழமையைச் சொல்லி, அட்டையின் மேல் தமிழில் எழுதி ஒட்டி, நான்கு வாரத்துக்கு உரியதை மட்டும் எண்ணிக் கொடுக்க வேண்டும். இதைச் செய்ய ஒரு நிமிடம் ஆகும்.

இன்சுலினும் அப்படித்தான். இந்தியாவில் கண்ணாடிக் குப்பியில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவுக்கான கார்ட்ரிட்ஜில் வருவது 100 யூனிட். 40-க்கு உரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கு உரியதன் மூடி ஆரஞ்சு. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்; நடு இரவில் சர்க்கரை சரிந்து மயக்கம் வரும். மருந்தையும் சிரிஞ்சையும் வெவ்வேறு கடைகளில் வாங்கும் வீடுகளில் இந்தப் பொருத்தத்தைப் பார்ப்பவர் யாரும் இல்லை. குழந்தைகளுக்கான பாராசிட்டமாலில் சொட்டு மருந்து மில்லிக்கு 100 மில்லிகிராம், சாதாரண சிரப் ஐந்து மில்லிக்கு 125 மில்லிகிராம். அதாவது நான்கு மடங்கு வித்தியாசம். மருத்துவர் சிரப்புக்கு எழுதிய அளவைச் சொட்டு மருந்தில் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்களிலும் டோலோ ஒரு பக்கம், ஜலதோஷத்துக்கான கூட்டு மாத்திரை மறுபக்கம் என்று பாராசிட்டமாலை அறியாமலே இரண்டு மூன்று பெயர்களில் விழுங்குகிறவர்கள் நிறைய.

மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதைப் பற்றிப் புத்தகங்களில் பக்கம் பக்கமாக உண்டு. அத்தனையையும் யாரும் மனப்பாடம் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். கடையில் நிற்பவர் மனத்தில் சிலவற்றையாவது உறுதியாகப் பதித்திருக்க வேண்டும் என்பேன்: செயற்கை வால்வு வைத்தவர்கள் சாப்பிடும் அசிட்ரோம் போன்ற இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையோடு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கோ வலிநிவாரணியோ வந்தால் இரத்தக்கசிவு, தசை இறுக்கத்துக்கான டைசானிடினோடு சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் வந்தால் இரத்த அழுத்தம் திடீரெனச் சரிதல், நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் பழக்கமுள்ளவர் ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் கேட்டால் கண்டிப்பாக மறுத்தல். தைராய்டு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் நான்கு மணி நேரம் இடைவிட்டுச் சாப்பிடச் சொல்வது ஆபத்தான விஷயம் அல்ல. ஆனால் அதைச் சொல்லாததால் மருந்தளவு தேவையில்லாமல் ஏற்றப்படுவது உண்டு. நம்மவர்களிடம் நாட்டு மருந்தைப் பற்றியும் கேட்டாக வேண்டும். இருமலுக்கு அதிமதுரக் கஷாயத்தைத் தினமும் குடிக்கிறவருக்கு இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்றால் பலர் கஷாயத்தைச் சொல்ல மாட்டார்கள், அது மருந்து என்றே அவர்கள் நினைப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், 1948-ஆம் ஆண்டின் மருந்தகச் சட்டத்தின்படி மருத்துவரின் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் வேலையைப் பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் செய்யலாம். 2015-இல் இந்திய மருந்தகக் கவுன்சில் வெளியிட்ட நடைமுறை விதிகள் இன்னும் ஒரு படி மேலே போய், சீட்டைச் சரிபார்ப்பதையும், மருந்தைப் பற்றி நோயாளியிடம் மருந்தாளுநர் தாமாகவே முன்வந்து பேசுவதையும் அவருடைய பொறுப்பாக ஆக்கியிருக்கின்றன. எனவே அல்சூர் கடைக்காரர் வரம்பு மீறவில்லை. வரம்பு வேறோர் இடத்தில் இருக்கிறது: எழுதியதை அவராக மாற்றக் கூடாது. மருத்துவரின் சீட்டு இருந்தால்தான் விற்கக்கூடிய எச், எச்1, எக்ஸ் பட்டியல்களில் உள்ள மருந்துகளில், ஒரே மருந்தாக இருந்தாலும்கூட, சீட்டில் எழுதிய பிராண்டுக்குப் பதில் வேறொன்றைத் தர நம் விதிகள் இடம் கொடுப்பதில்லை. இங்கிலாந்தில் கூடுதல் பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள் 2006 முதல் தாங்களே மருந்து எழுதுகிறார்கள். இங்கே அப்படி இல்லை. இப்போதைக்கு அது வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். எழுதியவரைக் கேள்வி கேட்க ஒருவர் தனியாக இருப்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது. எழுதுபவரும் கொடுப்பவரும் ஒருவரே ஆகி, மேற்பார்வையும் இல்லாமல் போனால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

இந்த இடத்தில் என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிழையைத் தடுக்க வேண்டிய அதே மேசையிலிருந்துதான் ஏராளமான தீங்கும் வெளியே போகிறது. காய்ச்சல் என்று சொன்னதும் பாராசிட்டமாலோடு ஓர் ஆன்டிபயாட்டிக்கையும் ஒரு ஸ்டீராய்டு மாத்திரையையும் வெட்டி ஒரு காகித உறையில் போட்டு "மூன்று வேளை" என்று தருவதை எந்தப் பேட்டையிலும் பார்க்கலாம். வீரியமான ஆன்டிபயாட்டிக்குகளையும் காசநோய் மருந்துகளையும் எச்1 பட்டியலில் வைத்து, அவற்றை விற்கும்போது நோயாளியின் பெயரையும் எழுதிய மருத்துவரின் பெயரையும் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச்சிலிருந்து இருக்கிறது. விதி இருப்பதும் பதிவேடு இருப்பதும் ஒன்றல்ல. சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழ் ஒருவருடையது, மருந்தை எடுத்துக் கொடுப்பவர் வேறொருவர் என்ற நிலை இன்னும் ஒழியவில்லை. மருந்தாளுநருக்குக் கடைகளில் கிடைக்கும் சம்பளத்தைப் பார்த்தால், படித்தவர்கள் ஏன் மேசைக்குப் பின்னால் நிற்க வருவதில்லை என்பதும் புரியும். 2008-இல் தொடங்கிய ஃபார்ம்-டி என்ற ஆறாண்டு மருந்தாளுநர் படிப்பை முடித்தவர்கள் பெரிய மருத்துவமனைகளுக்கும் நிறுவனங்களுக்கும் போகிறார்கள்; தெருமுனைக் கடைக்கு வருகிறவர் அரிது.

கேள்வி கேட்கத் தெரிந்தவருக்கும் கேட்பது எளிதல்ல. இந்த நகரத்தில் பல கடைகள் கிளினிக்கின் கீழ்த்தளத்திலேயே இருக்கின்றன. மாடியில் உட்கார்ந்து எழுதுபவரின் சீட்டை நம்பித்தான் கீழே வியாபாரம் நடக்கிறது. அவருடைய சீட்டை வாரத்துக்கு இரண்டு முறை திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானதே. ஆகவே பேசும் முறையில் எல்லாம் இருக்கிறது. "இது தப்பு டாக்டர்" என்று தொடங்கினால் தொலைபேசி வைக்கப்பட்டுவிடும். "இந்த அம்மா ஸ்டென்ட் வைத்தவர், குளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறார், நீங்கள் எழுதிய மாத்திரையைத் தொடங்கலாமா, வேறு ஏதாவது தரச் சொல்கிறீர்களா?" என்று, தெரியாத விவரத்தைக் கொடுத்து முடிவை அவரிடமே விட்டால், பெரும்பாலான மருத்துவர்கள் நன்றி சொல்லித்தான் மாற்றுகிறார்கள். மருந்தாளுநர் நேரில் உட்கார்ந்து பேசுவதற்குப் பலன் உண்டு என்பதற்கு வலுவான சான்றும் இருக்கிறது. இங்கிலாந்தில் 72 பொது மருத்துவ நிலையங்களில் நடந்து 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான பின்சர் ஆய்வில், கணினி கண்டுபிடித்த ஆபத்தான மருந்துச் சேர்க்கைகளின் பட்டியலை மட்டும் பாதி நிலையங்களுக்குக் கொடுத்தார்கள். மறுபாதிக்குப் பட்டியலோடு ஒரு மருந்தாளுநரையும் அனுப்பினார்கள். குடல்புண் வந்த நோயாளிக்கு வயிற்றைக் காக்கும் மாத்திரை இல்லாமல் வலிநிவாரணி எழுதுவது, ஆஸ்துமாக்காரருக்கு பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) எழுதுவது போன்ற பிழைகள், ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, மருந்தாளுநர் போன நிலையங்களில் தெளிவாகக் குறைவாக இருந்தன. அவர்கள் கடையில் இருந்தவர்கள் அல்ல, நிலையத்துக்கே போனவர்கள் என்பதை மறக்கக் கூடாது; ஆனாலும் வெறும் பட்டியலைவிட ஆள் நேரில் போய்ப் பேசுவது மேல் என்பது நமக்கும் பொருந்தும்.

செயலியில் ஆர்டர் செய்து வீட்டு வாசலில் பெறும் வழக்கம் இங்கே வேகமாகப் பரவியிருப்பதைப் பற்றியும் கேட்பீர்கள். நடக்க முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் விலை பார்த்து இந்த மாதம் ஒன்றில், அடுத்த மாதம் இன்னொன்றில் என்று வாங்கினால், மேலே சொன்ன எதையும் யாரும் கவனிக்க வழி இல்லை.

உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். தாயாரின் எல்லா மருந்துகளையும், எப்போதாவது வாங்கும் கேஸ் மாத்திரை, தைலம், கஷாயம் உட்பட, ஒரே தாளில் எழுதி, கடைசியாக எடுத்த கிரியாட்டினின் அளவையும் ஸ்டென்ட் வைத்த தேதியையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அதை மூன்று மருத்துவரிடமும் காட்டுங்கள், மருந்துக்கடையிலும் ஒரு நகலைக் கொடுங்கள். பொதுப்பெயரில் எழுதுங்கள், பிராண்டின் பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது ஒன்றா என்று அப்போதுதான் தெரியும். தாயாருக்குக் கன்னடமோ ஆங்கிலமோ வாசிக்க வராது என்றால் அட்டைகளின் மேல் "காலை", "ராத்திரி" என்று தமிழில் எழுதித் தரும்படி கடையில் கேளுங்கள். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தமிழ் தெரிந்த ஒருவர் கடையில் இல்லாமல் இருப்பது அபூர்வம். பதிவு பெற்ற மருந்தாளுநர் எந்த நேரத்தில் இருப்பார் என்று கேட்டு அந்த நேரத்தில் போங்கள். எந்த மருந்திலாவது தடிப்பு, மயக்கம், கறுப்பாக மலம் போதல் போன்ற ஏதாவது வந்தால், உடனே மருத்துவரைப் பார்த்த பிறகு, 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் தெரிவிக்கலாம். காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்துத் தர ஆணையம் நடத்தும் இந்தத் திட்டத்துக்கு நோயாளியே நேரடியாகப் புகார் தரலாம் என்பது பலருக்குத் தெரியாது.

முழங்கால் வலி காத்திருக்காது என்பதும் உண்மை. எலும்பு மருத்துவரிடம் ஸ்டென்ட் விவரத்தைச் சொல்லி மறுமொழி வரும்வரை எட்டோரிகாக்சிப்பைத் தொடங்க வேண்டாம். இதற்காக இதய மாத்திரைகளில் எதையும் நிறுத்திவிடவும் கூடாது; ஸ்டென்ட் வைத்தவர், அதில் இரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் தாமாக நிறுத்துவது எட்டோரிகாக்சிப்பைவிடப் பெரிய ஆபத்து. கல்லீரல் கோளாறு இல்லையென்றால் பாராசிட்டமாலும், மேலே தடவும் வலிநிவாரணி ஜெல்லும், தொடைத் தசைகளுக்கான உடற்பயிற்சியும் இந்த வயதில் முதலில் முயலக்கூடியவை. எந்த அளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவரிடம் பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கடைக்காரர் தாமே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார் அல்லவா, எலும்பு மருத்துவரின் கிளினிக் எண்ணை இன்றே அவரிடம் கொடுத்துவிடுங்கள்.